ரிச்சர்ட் தாம்சனின் ஆல்பங்கள்: தரவரிசை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிச்சர்ட் தாம்சன் யார்? அவருடைய ஆல்பங்களை வரிசைப்படுத்த வேண்டிய தேவை என்ன?

1949 ஏப்ரல் 3 அன்று லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் பிறந்த தாம்சன், 1967 இல் தொடங்கிய ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் நிறுவன உறுப்பினர்களில் ஒருவர். பிரிட்டனின் பழைய கதைப்பாடல்களை மின்கிதாரோடும் டிரம்ஸோடும் சேர்த்துப் பாட முடியும் என்று காட்டிய குழு அது. 1969 மே மாதம் எம்1 நெடுஞ்சாலையில் அவர்களுடைய வேன் விபத்துக்குள்ளாகி, டிரம்ஸ் கலைஞர் மார்ட்டின் லாம்பிளும் தாம்சனின் தோழி ஜீனி ஃப்ராங்க்ளினும் உயிரிழந்தார்கள். அந்தத் துயரத்திலிருந்து எழுந்து அதே ஆண்டில் 'லீஜ் அண்ட் லீஃப்' என்ற ஆல்பத்தை அவர்கள் வெளியிட்டார்கள். 1971 தொடக்கத்தில் தாம்சன் குழுவிலிருந்து விலகினார். அதன் பிறகு 1972 முதல் 2024 வரை, முதலில் தனியாகவும், பத்தாண்டுக் காலம் மனைவி லிண்டாவோடும், மீண்டும் தனியாகவும் பாடல் எழுதிப் பதிவு செய்து வந்திருக்கிறார்.

இவ்வளவு நீண்ட வாழ்க்கையில் ஊரெல்லாம் முணுமுணுக்கும் பெரிய வெற்றிப் பாடல் ஒன்றுகூட அவருக்கு அமையவில்லை. எனவே புதிதாகக் கேட்க வருபவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொழுகொம்பு கிடைப்பதில்லை. எந்தப் பட்டியலைப் புரட்டினாலும் 'ஷூட் அவுட் தி லைட்ஸ்' என்ற ஒரே ஆல்பம்தான் முதலில் வருகிறது. அதுவும் அந்த இசையைப் பற்றிய பேச்சைவிட அதைப் பாடியவர்களின் மணமுறிவைப் பற்றிய பேச்சோடுதான் வருகிறது. அந்தப் பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு, இசைத்தட்டில் பதிவாகியிருப்பதை மட்டும் கேட்டு ஒரு வரிசையை அமைக்க வேண்டும் என்ற விருப்பத்தில் உருவானதே இந்தத் தரவரிசை.

எந்த ஆல்பங்கள் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளன?

புதிய பாடல்களைக் கொண்ட 23 ஆல்பங்கள். அவற்றில் ஆறு லிண்டாவோடு சேர்ந்து செய்தவை. மற்ற பதினேழும் தாம்சனின் பெயரில் மட்டும் வந்தவை. ஃபேர்போர்ட் காலத்துப் பதிவுகளைச் சேர்க்கவில்லை, ஏனென்றால் அவை ஒரு குழுவின் உழைப்பு. முழுவதும் கருவியிசையாக அமைந்த 'ஸ்ட்ரிக்ட் டெம்போ', வெர்னர் ஹெர்ட்ஸாக்கின் 'கிரிஸ்லி மேன்' ஆவணப்படத்துக்குச் செய்த இசை, பழைய பாடல்களைத் தனிக் கிதாரோடு திரும்பப் பாடிய 'அக்கூஸ்டிக் கிளாசிக்ஸ்' ஆகியவையும் இதில் இல்லை. 2010 இல் வந்த 'ட்ரீம் ஆட்டிக்' மேடையில் பதிவானதுதான் என்றாலும், அதிலுள்ள பாடல்கள் அனைத்தும் அதுவரை வெளிவராதவை என்பதால் அதைச் சேர்த்துக்கொண்டேன்.

'1000 இயர்ஸ் ஆஃப் பாப்புலர் மியூசிக்' என்ற அருமையான தொகுப்பை விட்டுவிட நேர்ந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. 1999 இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை, ஆயிரமாண்டின் சிறந்த பாடல்களைத் தேர்ந்தெடுத்துத் தரும்படி பல இசைக்கலைஞர்களைக் கேட்டது. மற்றவர்கள் கடந்த சில பத்தாண்டுகளுக்குள் தேடியபோது, தாம்சன் ஆயிரமாண்டு என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு இடைக்காலத்திலிருந்து பட்டியலிட்டார். பத்திரிகை அதை வெளியிடவில்லை. அவர் அதையே மேடை நிகழ்ச்சியாக்கிவிட்டார். அந்தத் தொகுப்பில் இருப்பவை பிறர் பாடல்கள் என்பதால் இங்கே அதற்கு இடமில்லை.

எந்த அளவுகோலைக் கொண்டு வரிசைப்படுத்தினீர்கள்?

முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடல் வரை ஒரே மூச்சில் கேட்கும்போது ஆல்பம் ஒரே பொருளாக நிற்கிறதா என்பதே முதன்மையான அளவுகோல். மகத்தான ஒரு பாடலும் சாதாரணமான பத்துப் பாடல்களும் கொண்ட ஆல்பத்தைவிட, எந்தப் பாடலையும் எடுத்துவிட முடியாதபடி கட்டப்பட்ட ஆல்பம் மேலே வரும். இரண்டாவதாக, பாடல் வரிகளும் பாடும் குரலும் கிதாரும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கின்றனவா என்று பார்த்தேன். விற்பனை எண்ணிக்கையையும் விருதுகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பாடல் எழுதப்பட்ட வேளையில் பாடகரின் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியாகச் சொன்னதைக் கடைப்பிடிப்பதுதான் மிகக் கடினமாக இருந்தது.

முதல் இடம் எந்த ஆல்பத்துக்கு? ஏன்?

1974 இல் வெளிவந்த 'ஐ வாண்ட் டு சீ தி பிரைட் லைட்ஸ் டுநைட்' என்ற ஆல்பத்துக்கு. ரிச்சர்டும் லிண்டாவும் சேர்ந்து பாடிய முதல் ஆல்பம் இது. 1973 இல் லண்டன் செல்சியில் இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில், ஜான் வுட் என்ற ஒலிப்பதிவாளரின் துணையோடு, சில நாட்களிலேயே குறைந்த செலவில் பதிவாகி முடிந்தது. அந்த ஆண்டு ஏற்பட்ட எண்ணெய் நெருக்கடியால் இசைத்தட்டு செய்யும் வினைலுக்குத் தட்டுப்பாடு வந்து, வெளியீடு பல மாதங்கள் தள்ளிப்போனது. வெளிவந்தபோதும் பெரிய வரவேற்பு இல்லை.

இதில் உள்ள பத்துப் பாடல்களில் ஒன்றைக்கூட நீக்க முடியாது. தலைப்புப் பாடல், வாரம் முழுவதும் உழைத்துக் களைத்த ஒரு பெண் வார இறுதியில் ஊரின் வெளிச்சத்தைத் தேடிப் போக விரும்புவதைப் பாடுகிறது. பின்னால் வட இங்கிலாந்துத் தொழிற்பேட்டைகளில் கேட்கும் பித்தளை வாத்தியக் குழு ஒன்று முழங்குகிறது. கொண்டாட்டமாகத் தொடங்கும் அந்தப் பாடலுக்குள்ளேயே, அந்த வெளிச்சம் ஒரு இரவுக்கு மேல் நீடிக்காது என்ற அறிவும் இருக்கிறது. 'டவுன் வேர் தி டிரங்கர்ட்ஸ் ரோல்' என்ற பாடல் குடியில் விழுந்தவர்களை ஒவ்வொருவராகக் காட்டிச் செல்கிறது. அவர்களுக்கு அறிவுரை சொல்லவும் இல்லை, அவர்களைப் பார்த்து உச்சுக்கொட்டவும் இல்லை. 'ஹேஸ் ஹி காட் எ ஃப்ரெண்ட் ஃபார் மீ' பாடலில் தோழிக்குத் துணை கிடைத்துவிட்ட பிறகு தனித்து நிற்கும் பெண், அவனுக்கு ஒரு நண்பன் இருக்கிறானா என்று கேட்கிறாள். அந்த ஒரு கேள்வியை லிண்டா எந்த அழுத்தமும் கொடுக்காமல், குரலைச் சற்றும் உயர்த்தாமல் பாடியிருப்பதுதான் அதைத் தாங்க முடியாததாக்குகிறது.

'தி எண்ட் ஆஃப் தி ரெயின்போ' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பார்த்துப் பாடும் பாடல் அது. தாலாட்டு என்றால் உலகத்தையே குழந்தையின் காலடியில் கொண்டுவந்து வைப்பதுதான் வழக்கம். மாமன் அடித்தானா, மல்லிகைப்பூச் செண்டாலே என்றுதான் நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். தாம்சனோ இனி வளர்ந்து அடைவதற்கு எதுவும் இல்லை என்று அந்தக் குழந்தையிடம் சொல்கிறார். முதன்முறை கேட்டபோது இதை எப்படி எழுத மனம் வந்தது என்று அதிர்ந்துபோனேன். பல ஆண்டுகள் கேட்ட பிறகே, அந்த இருட்டு எவ்வளவு நேர்மையாக அளந்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது புரிந்தது. அதற்கு அடுத்து வரும் கடைசிப் பாடலான 'தி கிரேட் வலேரியோ', உயரத்தில் கட்டிய கயிற்றின் மேல் நடப்பவனையும் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் கூட்டத்தையும் பற்றியது. ஒற்றைக் கிதார், ஒற்றைக் குரல், வேறு எதுவும் இல்லை. வார இறுதியின் வெளிச்சத்தைத் தேடிக் கிளம்பிய ஆல்பம் கயிற்றின் நடுவே ஆடி நிற்கும் ஒரு மனிதனில் வந்து முடிகிறது. இந்தப் பயணத்தின் முழுமையை வேறு எந்த ஆல்பத்திலும் அவர் எட்டவில்லை என்பதே என் முடிவு.

எல்லோரும் முதலிடம் தரும் 'ஷூட் அவுட் தி லைட்ஸ்' உங்கள் வரிசையில் ஏன் இரண்டாவதாக இருக்கிறது?

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இது. 1982 இல் வெளிவந்த இந்த ஆல்பத்தை, 1980களின் சிறந்த நூறு ஆல்பங்களில் ஒன்பதாவதாக ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 1989 இல் தேர்ந்தெடுத்தது. அந்தப் பெருமைக்கு அது முழுத் தகுதி உடையது என்பதில் எனக்கு ஐயமில்லை. என் மறுப்பு, அந்தப் புகழ் கட்டப்பட்டிருக்கும் கதையைப் பற்றியதே.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இதுதான்: கணவன் மனைவி பிரிந்துகொண்டிருந்தார்கள், அந்தப் பிரிவைத்தான் பாடல்களாக எழுதிப் பாடினார்கள், ஆகவே இது மணமுறிவின் ஆவணம். நடந்த வரிசை வேறு. பெரும்பாலான பாடல்கள் 1980 வாக்கிலேயே எழுதப்பட்டு, பாடகர் ஜெரி ராஃபர்ட்டியின் தயாரிப்பில் ஒருமுறை முழுமையாகப் பதிவும் செய்யப்பட்டுவிட்டன. அந்தப் பதிவை வெளியிட எந்த நிறுவனமும் முன்வரவில்லை. பிறகு தயாரிப்பாளர் ஜோ பாய்ட், தன் சிறிய நிறுவனமான ஹானிபல் வழியாக, செலவைக் குறைத்து விரைவாகப் பதிவு செய்யலாம், மிச்சப் பணத்தில் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் போகலாம் என்று ஒரு வழி சொன்னார். 1981 நவம்பரில் லண்டனில் உள்ள ஒலிம்பிக் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடல்கள் மீண்டும் பதிவாயின. லிண்டா அப்போது கருவுற்றிருந்தார். குரல் தடைப்படும் கோளாறு வேறு அவரை வாட்டியது. பிரிவு அதற்குப் பிறகுதான் வந்தது. 1982 இல் அமெரிக்க மேடைகளில் அவர்கள் இந்தப் பாடல்களைப் பாடிய வேளையில் மணவாழ்க்கை முறிந்திருந்தது. பார்த்தவர்கள் பாடலையும் வாழ்க்கையையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள்.

கதையை விலக்கிவிட்டுக் கேட்டால் எட்டுப் பாடல்களும் இன்னும் கூர்மையாகத் தெரிகின்றன. 'வாக்கிங் ஆன் எ வயர்' பாடலில், கணவர் எழுதிக் கொடுத்த வரிகளைத் தன்னுடைய முறையீடாகவே மாற்றிப் பாடுகிறார் லிண்டா. தலைப்புப் பாடலில் இருட்டறையில் பதுங்கிய ஒருவனின் அச்சத்தைச் சொல்லும் வேலையில் பாதியைக் கிதார்தான் செய்கிறது. கடைசிப் பாடலான 'வால் ஆஃப் டெத்' நம் பொருட்காட்சிகளில் மரணக் கிணறு என்று நாம் அறிந்த கேளிக்கையைப் பற்றியது. மற்ற ராட்டினங்கள் எல்லாம் வேண்டாம், அதிலேயே மீண்டும் ஒருமுறை ஏற்றிவிடுங்கள் என்று இருவரும் சேர்ந்து பாடுகிறார்கள். அவ்வளவு இருந்தும் 'மேன் இன் நீட்' போன்ற ஒன்றிரண்டு பாடல்கள் நல்ல பாடல்கள் என்ற அளவில் நின்றுவிடுகின்றன. 'பிரைட் லைட்ஸ்' ஆல்பத்தில் அப்படிச் சொல்ல ஒரு பாடல்கூட இல்லை. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு நூலிழைதான்.

மதம் மாறிய காலத்து ஆல்பம் மூன்றாவது இடத்தில் இருப்பது சரியா?

1975 இல் வந்த 'போர் டவுன் லைக் சில்வர்' ஆல்பத்தைப் பற்றிய கேள்வி இது. அதற்கு முந்தைய ஆண்டில் ரிச்சர்டும் லிண்டாவும் இஸ்லாத்தைத் தழுவி, லண்டனில் ஒரு சூஃபி சமூகத்தோடு வாழத் தொடங்கியிருந்தார்கள். அட்டைப்படத்தில் ரிச்சர்ட் தலைப்பாகையோடும் லிண்டா முக்காட்டோடும் இருக்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டுப் பக்திப் பாடல் தொகுப்பு என்று நினைத்து ஒதுக்கியவர்கள் பலர்.

கேட்டால் வேறு ஒன்று கிடைக்கும். முந்தைய ஆல்பங்களில் இருந்த பித்தளை வாத்தியங்களும் வேடிக்கையும் போய், கிதார், பேஸ், டிரம்ஸ், ஜான் கிர்க்பாட்ரிக்கின் அக்கார்டியன் என்ற அளவுக்குப் பெரும்பாலும் எல்லாம் சுருங்கிவிட்டன. எட்டு நிமிடங்களுக்கு மேல் நீளும் 'நைட் கம்ஸ் இன்' பாடல், சுற்றிச் சுழன்று ஆடும் வழிபாட்டின் மெதுவான அசைவிலேயே நகர்கிறது. 'பீட் தி ரிட்ரீட்' யாரிடம் திரும்பிப் போவதைப் பாடுகிறது, மனிதரிடமா இறைவனிடமா என்று முடிவு சொல்ல முடியாது. 'டிம்மிங் ஆஃப் தி டே' பாடலிலும் அப்படித்தான்; காதலனை நோக்கிப் பாடுவதாக எடுத்துக்கொள்ளலாம், கடவுளை நோக்கிப் பாடுவதாகவும் எடுத்துக்கொள்ளலாம். நாயகி பாவத்தில் ஆழ்வார்கள் பாடியதைக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இந்த இரட்டைப் பொருளில் புதிராக எதுவும் இருக்காது. அமெரிக்கப் பாடகி பானி ரெயிட் உட்படப் பலர் அதைத் திரும்பப் பாடியிருக்கிறார்கள். லிண்டாவின் பதிவை எவரும் தாண்டவில்லை. இதற்குப் பிறகு இருவரும் 1978 வரை புதிய ஆல்பம் எதையும் வெளியிடவில்லை.

'1952 வின்சென்ட் பிளாக் லைட்னிங்' இடம்பெற்ற 'ரூமர் அண்ட் சை' ஐந்தாவது இடத்துக்கு ஏன் இறங்கியது?

அந்தப் பாடல் தாம்சனின் மொத்த ஆக்கங்களில் தலைசிறந்தவற்றுள் ஒன்று. ஸ்டீவனேஜ் நகரில் தயாரான வின்சென்ட் மோட்டார் சைக்கிள், அதை ஓட்டும் கள்வன் ஜேம்ஸ், செந்நிறக் கூந்தலும் கறுப்புத் தோலாடையும் கொண்ட மோலி. கொள்ளையில் சுடப்பட்டு இறக்கும் தறுவாயில் ஜேம்ஸ் வண்டியின் சாவியை அவளிடம் கொடுக்கிறான். பல நூற்றாண்டுகளாகப் பாடப்படும் ஸ்காட்டிஷ், ஆங்கிலக் கதைப்பாடல்களின் எலும்புக்கூடு இது; குதிரை இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் வந்திருக்கிறது, அவ்வளவுதான். நம் கதைப்பாடல்களில் நல்லவனான கொள்ளைக்காரனை மக்கள் பாடிப் பாடி வாழவைத்ததை நினைத்துக்கொண்டு கேட்டால் பாடல் உடனே நெருங்கிவிடும். ஒரே கிதாரில் பேஸும் தாளமும் ராகமும் மூவர் வாசிப்பதுபோல் ஓடும். 2011 இல் டைம் பத்திரிகை தன் நூறு சிறந்த பாடல்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது.

1991 இல் வந்த இந்த ஆல்பத்தில் பதினான்கு பாடல்கள் உள்ளன. சிறையிலிருந்து அன்றுதான் வெளியே வந்தவனின் ஆபத்தான உற்சாகத்தைப் பாடும் 'ஐ ஃபீல் ஸோ குட்', மனநலக் காப்பகத்தில் அடைபட்டவரைப் பற்றிய 'கிரே வால்ஸ்', 'காட் லவ்ஸ் எ டிரங்க்' ஆகியவை உயர்ந்த தரத்தில் இருக்கின்றன. ஆனால் பதினான்கில் மூன்று நான்கு பாடல்கள் இல்லாதிருந்தாலும் இழப்பு எதுவும் இல்லை. கடைசிப் பாடலான 'சைக்கோ ஸ்ட்ரீட்' ஆல்பத்தின் கட்டுமானத்தையே குலைக்கிறது. பத்துப் பாடல்களோடு நிறுத்தியிருந்தால் மூன்றாம் இடத்துக்குப் போட்டியிட்டிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன்புவரை நான் இதையே முதலிடத்தில் வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முழுவதுமாகக் கேட்காமல் பிடித்த பாடல்களை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டதன் விளைவு அது.

நான்காவது இடத்தில் உள்ள 'மாக் ட்யூடர்' பலருக்குத் தெரியாத ஆல்பமாயிற்றே?

1999 இல் வந்த இந்த ஆல்பம் தாம்சன் வளர்ந்த லண்டன் புறநகர்களைப் பற்றியது. பழைய ட்யூடர் காலத்து வீடுகளைப் போலவே தோன்றும்படி முகப்பில் கறுப்பு மரச்சட்டங்களைப் பதித்து இருபதாம் நூற்றாண்டில் கட்டிய வீடுகளைத்தான் தலைப்பு குறிக்கிறது. இரவல் வாங்கிய பழமையோடு வாழும் தெருக்கள் அவை. ஃபேர்போர்ட் என்ற பெயரே மஸ்வெல் ஹில் புறநகரில் அந்தக் குழுவினர் ஒத்திகை பார்த்த ஒரு வீட்டின் பெயர்தான்; ஆக, தாம்சனின் இசை முளைத்த மண்ணைப் பற்றிய ஆல்பம் இது. மூன்று பகுதிகளாகப் பிரித்து, புறநகரில் தொடங்கி மாநகரின் மையத்துக்கு வந்து சேர்கிறார். ஹிப்பிப் பெண் ஒருத்தியின் மேல் காதல் கொண்டு தன் வாழ்க்கையையே விட்டுவிடத் துணியும் ஒரு ரௌடியைப் பற்றிய 'குக்ஸ்ஃபெரி க்வீன்' பாடலோடு தொடங்கும்போதே மின்கிதார் உறுமுகிறது. கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு நெடுந்தூரம் வீட்டுக்கு நடப்பவனின் பாடல் ஒன்று, லண்டன் தெருக்களில் கண்ட மனிதர்களை வரிசையாகக் காட்டும் பாடல் ஒன்று என்று போய், 'ஹோப் யூ லைக் தி நியூ மீ' என்ற குளிர்ந்த, சிறிய பாடலில் முடிகிறது: இன்னொருவரின் சிரிப்பையும் நடையையும் நண்பர்களையும் அபகரித்துக்கொண்டு, புதிய என்னைப் பிடித்திருக்கிறதா என்று கேட்கிறான் ஒருவன். போலி முகப்பு வீடுகளில் தொடங்கிய ஆல்பம் போலி மனிதனில் முடிகிறது. தனியாகச் செய்த ஆல்பங்களில் இவ்வளவு யோசித்துக் கட்டப்பட்டது வேறு இல்லை.

மிட்செல் ஃப்ரூம் தயாரித்த ஆல்பங்களை ஏன் இவ்வளவு தாழ்த்திவிட்டீர்கள்?

எல்லாவற்றையும் தாழ்த்தவில்லை. 1986 முதல் 1996 வரை ஃப்ரூம் தயாரித்த ஐந்தில் 'ரூமர் அண்ட் சை' ஐந்தாவது இடத்திலும் 'அம்னீஷியா' ஒன்பதாவது இடத்திலும் இருக்கின்றன. தாம்சனின் பாடல்களை ஒலி மினுங்கும் பெரிய கூடத்துக்குக் கொண்டுபோனவர் ஃப்ரூம்தான். 1994 இல் வந்த 'மிரர் புளூ' ஆல்பத்தில் டிரம்ஸின் ஓசை தகரத்தைத் தட்டுவதுபோல் முன்னால் வந்து நின்று பாடல்களை மறைக்கிறது. அதே ஆல்பத்தில்தான், கட்டிப்போட முடியாத ஒரு பெண்ணை இழந்தவனின் நினைவாக வரும் 'பீஸ்விங்' என்ற அற்புதம் இருக்கிறது. அதில் அந்த டிரம்ஸ் இல்லை என்பதைக் கவனியுங்கள். 1996 இன் 'யூ? மீ? அஸ்?' ஒரு தட்டில் மின்னிசையும் மறு தட்டில் மரக்கிதாருமாக 19 பதிவுகளைக் கொண்டது; இரண்டு பாடல்கள் இரு தட்டிலும் வருகின்றன. ஒரே தட்டாகச் சுருக்கியிருக்க வேண்டியது.

'ஹென்றி தி ஹ்யூமன் ஃப்ளை' விற்கவே இல்லையாமே?

வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்டவற்றிலேயே மிகக் குறைவாக விற்ற ஆல்பம் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. 1972 இல், அட்டையில் ஈ வேடமிட்ட ஒரு மனிதனோடு வந்தது. பாடிய குரலில் தயக்கம் இருக்கிறது. அதனால்தான் ஏழாவது இடம். ஆனால் அதற்குள் இருக்கும் எண்ணம் பெரியது: அமெரிக்க ப்ளூஸை வேராகக் கொள்ளாமல், தன் நாட்டின் கதைப்பாடல்களிலும் நடன மெட்டுகளிலும் வேர்விட்ட ராக் இசை. பின்னால் அவர் செய்த அனைத்துக்கும் விதை இங்கேதான் விழுந்தது.

கிதார் வாசிப்புக்குத் தனி மதிப்பெண் உண்டா?

இல்லை, பாடலுக்கு அது என்ன செய்கிறது என்பதற்கே மதிப்பெண். தாம்சனின் தந்தை ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவர். வீட்டில் ஜிம்மி ஷாண்ட் என்ற ஸ்காட்டிஷ் அக்கார்டியன் கலைஞரின் தட்டுகள் ஒலித்தன. மற்ற கிதார் கலைஞர்கள் ப்ளூஸிலிருந்து வந்தபோது, தாம்சன் பேக்பைப்பிலிருந்தும் அக்கார்டியனிலிருந்தும் வந்தார். பேக்பைப்பில் ஒரு குழல் மெட்டை வாசிக்க, மற்றக் குழல்கள் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். நாதசுரத்துக்குப் பின்னால் ஒத்து ஊதுவதைப் போல. தாம்சன் கீழ்த் தந்தியை ஒத்தாக ஒலிக்கவிட்டு மேலே மெட்டை வளைக்கிறார். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிளெக்ட்ரம் என்ற தந்தி மீட்டும் சிறு தகடு, மிச்ச விரல்கள் மற்றத் தந்திகளில் என்று ஒரே கையால் இரண்டையும் நடத்துகிறார். 'தி கால்வரி கிராஸ்' பாடலின் தொடக்கத்தைக் கேட்டால் இது உடனே விளங்கும்.

2000க்குப் பிந்தைய ஆல்பங்களில் எதைக் கேட்க வேண்டும்?

2018 இல் வந்த 'தர்ட்டீன் ரிவர்ஸ்' ஆல்பத்தை. 69 வயதில் அவரே தயாரித்த அந்த ஆல்பத்தின் முதல் பாடலான 'தி ஸ்டார்ம் வோன்ட் கம்', வந்தால் எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிடும் ஒரு புயலுக்காகக் காத்திருக்கும் மனதைப் பாடுகிறது. முதிர்ந்த வயதில் பலர் கனிந்துவிடுவார்கள். இங்கே பல் கூர்மையாகியிருக்கிறது. அடுத்து, நாஷ்வில்லில் பட்டி மில்லர் தயாரித்த 'எலெக்ட்ரிக்' (2013). 2007 இன் 'ஸ்வீட் வாரியர்' ஆல்பத்தில் உள்ள 'டாட்ஸ் கோனா கில் மீ' பாடலை மட்டுமாவது கேளுங்கள். 'டாட்' என்பது ஈராக்கில் இருந்த படைவீரர்கள் பாக்தாத்துக்கு வைத்த சுருக்கப் பெயர்.

முழு வரிசையையும் தர முடியுமா?

'பிரைட் லைட்ஸ்', 'ஷூட் அவுட் தி லைட்ஸ்', 'போர் டவுன் லைக் சில்வர்', 'மாக் ட்யூடர்', 'ரூமர் அண்ட் சை', மணமுறிவுக்குப் பிறகு சாக்ஸபோன்களோடு துள்ளி வந்த 'ஹேண்ட் ஆஃப் கைண்ட்னஸ்', 'ஹென்றி', 'தர்ட்டீன் ரிவர்ஸ்', 'அம்னீஷியா', 'ஹோக்கி போக்கி' என்பவை முதல் பத்து. தொடர்ந்து 'தி ஓல்ட் கிட் பேக்', 'எலெக்ட்ரிக்', 'அக்ராஸ் எ க்ரௌடட் ரூம்', 'ஸ்வீட் வாரியர்', 'டேரிங் அட்வென்ச்சர்ஸ்', 'மிரர் புளூ', 'ஷிப் டு ஷோர்', 'ட்ரீம் ஆட்டிக்', 'ஸ்டில்', 'யூ? மீ? அஸ்?', வீட்டிலேயே பதிவு செய்த 'ஃப்ரண்ட் பார்லர் பேலட்ஸ்', 'ஃபர்ஸ்ட் லைட்', 'சன்னிவிஸ்டா'. பதினொன்றாம் இடத்திலிருந்து பதினேழாம் இடம் வரை உள்ளவற்றை நாளைக்கே இடம் மாற்றச் சொன்னாலும் நான் பெரிதாக வாதாட மாட்டேன். கடைசி இரண்டைப் பற்றி மட்டும் உறுதியாக இருக்கிறேன். சில ஆண்டு விலகலுக்குப் பிறகு 1978, 1979 ஆண்டுகளில் செய்த அந்த இரண்டிலும் வழவழப்பான ஒலி இருக்கிறது. பாடல்களோடு உறவு இல்லாத ஒலி.

லிண்டா பாடிய ஆல்பங்களே முதல் மூன்று இடங்களையும் பிடித்திருப்பது தற்செயலா?

தற்செயல் அல்ல. தாம்சன் எழுதும் பாடல்களில் பேசுபவர்கள் பெரும்பாலும் தோற்றுப்போனவர்கள். அவரே பாடும்போது அவர்களைச் சற்று விலகி நின்று பார்க்கும் ஒரு கதைசொல்லியின் குரல் கேட்கிறது. லிண்டா பாடும்போது அந்த மனிதர்களே நேரில் வந்து நின்று பேசுகிறார்கள். பாடல்களை எழுதியவர் ரிச்சர்ட் என்பதால் புகழ் முழுவதும் அவருக்கே போய்ச் சேர்ந்தது நியாயமில்லை என்று கருதுகிறேன். குரல் கோளாறு முற்றிய பிறகு லிண்டாவால் பாட முடியாமல் போயிற்று. ஆனாலும் எழுதுவதை அவர் விடவில்லை. 2024 இல் 'ஷிப் டு ஷோர்' வெளிவந்த சில வாரங்களில், லிண்டாவின் 'பிராக்ஸி மியூசிக்' வெளிவந்தது. பாடல்கள் அவருடையவை, அவற்றைப் பாடியவர்கள், அவருக்குப் பதிலாக, மகன் டெடியும் மகள் காமியும் நண்பர்களும். இந்த வரிசையின் எல்லைக்கு வெளியே இருப்பதால் அதற்கு இடம் தர இயலவில்லை. ஆனால் அந்த ஆண்டில் வந்த இரண்டில் ஒன்றைத்தான் கேட்க நேரம் இருக்கிறது என்பவருக்கு, நான் 'பிராக்ஸி மியூசிக்' ஆல்பத்தைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.